மொட்டைக் கடிதத்திற்கு முகம் வந்த கதை

பெயரும் ஊரும் குறிக்காமல் வரும் கடிதத்தை 'மொட்டைக் கடிதம்' என்பது நம் வழக்கு. அப்பெயரிலேயே ஒரு திறனாய்வு இருக்கிறது. அதைப் படித்தவர் உள்ளம் கலங்கலாம். ஆயினும், எழுதியவன் தன்னை மறைத்துக்கொண்டது ஏன் என்னும் வினாவும் கூடவே எழும். தமுக்கடித்துச் செய்தி சொன்னவரை ஊரார் அறிவர். அச்சகங்கள் பெருகிய காலத்திலோ, ஒவ்வொரு நூலிலும் செய்தித்தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் காணப்படவேண்டும் என 1867ஆம் ஆண்டின் சட்டம் பணித்தது. ஆங்கில அரசு தன் கண்காணிப்பிற்காகச் செய்த ஏற்பாடு அது; நம்மீது கொண்ட பரிவினால் அன்று. எனினும், பொய் அச்சேறினால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு முகவரி கிடைத்தது.

இதனால் அக்காலம் பொய்யற்ற காலம் என்று கொள்வது பேதைமை. செல்பேசி வந்துதான் மக்கள் கெட்டனர் என்று மேடைதோறும் கேட்கிறோம். அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குகள் எரிந்தன. தாக்குதல் அரைமணி நேரத்தில் முடிந்தது, அச்சமோ முடியவில்லை. மீண்டும் வருமோ என்று அஞ்சிப் பல்லாயிரவர் நகரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே அக்கப்பல் அழிந்தது. அதன் பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. சூழ்ச்சிக்காரனை இன்றும் 'எம்டன்' என்கிறோம்.

அஞ்சலட்டையில் வந்த சங்கிலிக் கடிதங்களையும் வாசகர் பலர் நினைவுகூரக்கூடும். பத்துப் பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை, கிழித்தெறிந்தால் கேடு என்று அவை மிரட்டும். புனிதர்களின் பெயரையும் அவை விட்டுவைக்கவில்லை. ஆனால் பத்து அட்டை வாங்கப் பணமும், பத்துமுறை எழுதப் பொறுமையும் வேண்டியிருந்தது. நான்காவது அட்டையில் கை ஓய்ந்தபோது அறிவு விழித்துக்கொண்டதும் உண்டு.

இனி 2018 மே 9ஆம் நாளுக்கு வருவோம். நம் பொத்தேரி வழியாகச் செல்லும் புறநகர் இரயில் பாதையில், தாம்பரத்திற்கு வடக்கே இருப்பது பல்லாவரம். அவ்வூர் மூதாட்டி ஒருவர் உறவினருடன் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் நின்றபோது, அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். எந்தப் பாட்டிதான் இதைச் செய்யமாட்டார்? ஆனால், வடமாநிலத்துக் குழந்தை கடத்தும் கும்பல் நுழைந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் குரற்பதிவுகளும் படங்களும் அதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தன. ஐயம் எழுந்தது, செய்தி காரைவிட விரைவாக அடுத்த ஊரை எட்டியது, கூட்டம் வழிமறித்தது. அம்மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தோர் காயமுற்றனர். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே ஐயத்திற்குப் பலியானார்.

அந்நாட்களில் இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிய காணொளி ஒன்றை, ஓர் இலக்கியப் பிரதியை ஆய்வதுபோலவே ஆய்வது தகும். தெருவில் சிறுவர் விளையாடுகின்றனர். இருசக்கர வண்டியில் வந்த இருவருள் ஒருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொள்ள, வண்டி பறக்கிறது. பரவிய படம் இவ்வளவே. மூலப்படமோ பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பிற்காக விழிப்பூட்ட எடுக்கப்பட்டது. அதில் வண்டி திரும்பி வருகிறது, சிறுவன் இறக்கிவிடப்படுகிறான், கடத்தல் எவ்வளவு எளிது என்று எச்சரிக்கும் வாசகம் காட்டப்படுகிறது. யாரோ அம்முடிவை வெட்டிவிட்டனர். படத்தில் ஒரு பொய்யையும் சேர்க்கவில்லை, கழித்தனர், அவ்வளவே. மறைநூற்பகுதி ஒன்றை விளக்கப் புகுவோர், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் வரையறுத்துக்கொள்ளவேண்டும் என்பது குருமடத்தின் தொடக்கப் பாடம். முடிவு வெட்டப்பட்ட பிரதி, தன் ஆசிரியருக்கே எதிராகப் பேசும்.

இதுவும் மொட்டைக் கடிதமே. வெட்டியவர் யாரென்று தெரியாது. ஆனால் நம்மை வந்தடையும்போது மைத்துனரின் பெயரோடு, அக்காளின் முகப்படத்தோடு வருகிறது. நாம் நம்புவது செய்தியை அன்று, மைத்துனரை. அவரோ தமக்கு அனுப்பியவரை நம்பினார். 'வதந்திகளை நம்பாதீர்' என்னும் அறிவிப்புகள் பயனற்றுப் போவதன் காரணம் இதுவே எனலாம். தாம் வதந்தியை நம்புவதாக எவரும் எண்ணுவதில்லை.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், கைமாறி வரும் செய்திகளுக்கு அடையாளக் குறியிட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு வரம்பும் அறிவித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திக்கு அவ்வரம்பை ஒன்றாகக் குறைத்தது. அஞ்சலட்டைக் காலத்துக் கைவலியைச் சிறிதேனும் மீட்டுத்தந்தது என்ற அளவில் இதை வரவேற்கிறோம். முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வழி வேண்டுமென 2021இல் நடுவணரசு விதி வகுக்க, அதை எதிர்த்து அந்நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. எல்லாக் கடிதங்களையும் பிரித்துப் பார்க்கும் அரசை நாம் விரும்பவில்லை. 1867இன் நோக்கத்தை மறந்துவிடவும் இல்லை.

2018இல் வடமாநிலத்தவர் என்ற பெயரைக் கேட்டுத் தமிழ்ச் சிற்றூர்கள் அஞ்சின. 2023 மார்ச்சில் அச்சம் திசைமாறியது. பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. வேறு மாநிலத்தில் நடந்த கொலையும் சான்றாயிற்று. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் திரும்புவோரால் நிறைந்த இரயில்கள், உயிர் தப்பி ஓடுவோரின் இரயில்கள் எனப்பட்டன. பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. அப்போது காவல்துறைத் தலைவராயிருந்த சைலேந்திர பாபு, முகங்காட்டிப் பேசி அவை பொய்யென மறுத்தார். பொத்தேரியைச் சுற்றிலும் எழும்பும் அடுக்ககங்களில் சாரங்கட்டி உழைக்கும் இளைஞன் ஒருவனுக்கு, பெற்ற தாயே ஊரிலிருந்து அழைத்து 'திரும்பி வந்துவிடு' என்று அழுதபின், முன்பின் அறியாத அதிகாரியின் சொல் எவ்வளவு எடைபெறும்?