சுற்றணும், ஆடக் கூடாது

பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டின் வலப்பக்கம், சிலிண்டரின் அடியில், ஒற்றை நட்டில் நிற்கும் சின்ன மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றினால், கேமின் தூக்கலை மேலே வால்வுகளுக்குக் கொண்டுபோகும் இரண்டு புஷ்ராடுகளின் கால்மாடு தெரியும். டாப்பெட் வைக்கிற, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற இடம் அதுதான். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்து நிற்க வேண்டும். இரண்டு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். பிறகு லாக்நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கொஞ்சம் ஏற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் புஷ்ராடைப் பிடித்து உருட்டிப் பார்ப்பார்கள்.

திருப்பதிப் பட்டறைகளில் பேச்சு தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். ஆனால் இந்த வேலைக்கான பாடம் எந்த மொழியில் சொன்னாலும் இரண்டே சொல்தான். “அண்ணா, சுத்துது, போதுமா?” என்று பையன் கேட்பான். “சுத்தும்டா, மேல கீழ ஆடுதா பாரு” என்பார் பெரியவர். இறுக்கினால் ராடு சுற்றாது. விட்டால் சுற்றும், ஆனால் தூக்கிப் பார்க்கும்போது ‘டிக்’ என்று ஒரு துளி ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. தம்புராவில் தந்திக்கு அடியில் ஜீவா நூலை நகர்த்திக்கொண்டே வரும்போது நாதம் திறந்துகொள்ளுமே, அந்த மாதிரி இடம். ஃபீலர் கேஜுக்கு இங்கே வேலை கிடையாது. கேஜ் இடைவெளியை அளக்கும் கருவி. இங்கே வேண்டியது இடைவெளியே இல்லாமை. எதை நுழைத்து எதை அளப்பது? அதிலும் கைதேர்ந்தவர்கள், லாக்நட்டை இறுக்கும்போது அது அட்ஜஸ்டரையும் ஒரு மயிரிழை இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்து, அந்த இழைக்கு முன்பாகவே கையை நிறுத்துவார்கள்.

அந்த வேலை சரியாக அமைந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க திருமலை மலைப்பாதையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஏறுவது 1974இல் வந்த இரண்டாவது பாதை. அங்கே இஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், எதுவும் தனியாகக் கேட்காது. இறங்குவது 1944இல் போட்ட முதல் பாதை. நாற்பது நிமிடத்துக்கு முன்னால் அடிவாரத்து அலிபிரிக்கு வந்து சேரக் கூடாது என்று தேவஸ்தானமே நேரம் வைத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மூடி, இரண்டாவது கியரில் விட்டுக்கொண்டு வந்தால் சைலன்சர் சத்தம் அடங்கிப்போகும். வளைவுகளில் பாறைச்சுவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் நம் வண்டியின் டாப்பெட் சத்தத்தை அது நமக்கே திருப்பிக் கொடுக்கும்.

2008இல் தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க்கில் ராயல் என்ஃபீல்டு புது இஞ்சினைக் கொண்டுவந்தபோது, அந்த விரல்களின் வேலையை ஆயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு கிளாசிக்கிலும் அது வந்தது. உலகத்துக்கு இது புதிதல்ல. கேடிலாக் தன் பதினாறு சிலிண்டர் காரில் 1930இலேயே வால்வு இடைவெளியை ஆயிலால் அடைத்திருந்தது. பணக்காரர் காதுக்கு அமைதி வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம்.

ஹைட்ராலிக் டாப்பெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் எஃகு உருளை. உள்ளே இன்னொரு சின்ன உருளை, பிளஞ்சர். அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு. அவ்வளவுதான் சாமான். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் பிளஞ்சரைத் தூக்கி இடைவெளியை விழுங்கிவிடுகிறது. ஆயில் குண்டைத் தாண்டி உள்ளே இறங்கி அடியறையை நிரப்புகிறது. கேம் தூக்கத் தொடங்கியதும் குண்டு வாயை அடைத்துக்கொள்கிறது. சிக்கிய ஆயிலை நசுக்க முடியாது. ஆகவே அந்தக் கணத்துக்கு ஆயில் இரும்பாகிவிடுகிறது. இஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் இது நொடிக்கு 25 தடவை நடக்கிறது.

நான் இதில் மனம் பறிகொடுத்தது குண்டிடம் அல்ல, கசிவிடம். பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி விட்டிருக்கிறார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்ததில் ஒன்று. ஒவ்வொரு முறை கேம் தூக்கும்போதும் அந்த வழியாக ஆயில் ஒரு சொட்டுக்கும் குறைவாக வெளியேறும். கேமின் முதுகு வந்ததும் மறுபடி நிரம்பும். இந்தக் கசிவு குறை அல்ல, வேண்டுமென்றே வைத்தது. சூட்டில் வால்வு நீளும். ஆயில் வெளியேற வழியே இல்லாவிட்டால் டாப்பெட் விட்டுக்கொடுக்காது. வால்வு முழுசாக மூடாமல் நின்று கருகிப்போகும். கூட்டையும் பிளஞ்சரையும் ஜோடி பார்த்தே சேர்க்கிறார்கள். அதனால் கழுவும்போது ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் கூட்டில் போடுவது கிடையாது. நல்ல மெக்கானிக் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி டப்பா வைப்பார்.

தானே சரிசெய்துகொள்ளும் சாமானில் நாம் சரிசெய்ய என்ன இருக்கிறது? ராயல் என்ஃபீல்டின் அந்த ஹைட்ராலிக் இஞ்சினில் ஒன்றுமில்லை. ஆனால் 1955இல் வந்த செவர்லேயின் வி-8 இஞ்சினில் இருக்கிறது. அந்தக் குடும்பத்து இஞ்சின்தான் காரிலும் ஓடியது. மெர்க்ரூசர் என்ற பெயரில் படகுகளிலும் ஓடியது. அங்கே புஷ்ராடின் தூக்கலை வால்வுக்குக் கடத்தும் ராக்கரின் தலையில் ஒரு நட்டு. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது இன்டேக்கை வைக்க வேண்டும். இன்டேக் திறந்து மூடப்போகும்போது எக்ஸாஸ்ட்டை. அங்கேயும் புஷ்ராடை விரலால் உருட்டித்தான் பார்க்கிறார்கள். ஆனால் தொடுகை இன்னும் லேசாக இருக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் பிளஞ்சர் இறங்கத் தொடங்கிய பிறகும் ராடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அசட்டு விரல் ஏமாந்துவிடும். முதல் உரசலைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து நட்டை அரை முதல் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினால், பிளஞ்சர் தன் ஓட்டத்தின் நடுவில் போய் உட்காரும். மேலேயும் இடம், கீழேயும் இடம். ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு இறங்குவது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே வைக்கும் முறை இன்னும் ரசமானது. ஐடிலிங்கில் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் ராக்கர் ‘கடகட’ என்று அடிக்கும். மெல்ல இறுக்கினால் சத்தம் நிற்கும். அங்கிருந்து கால் சுற்று. இஞ்சின் சட்டென்று தடுமாறும். அந்த வால்வு இப்போது கொஞ்சம் திறந்தே நிற்கிறது. கையை எடுத்துவிட்டுப் பத்து நொடி சும்மா நிற்க வேண்டும். கூடுதல் ஆயில் அந்த மைக்ரான் சந்து வழியாக வெளியேறி, பிளஞ்சர் இறங்கி, ஓட்டம் தானாகச் சீராகும். அப்புறம் அடுத்த கால் சுற்று. அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறுக்குகிறவர்களிடம் இஞ்சின் நின்றே போகலாம். படகுக்காரர்கள் ஆயில் தெறிக்காமலிருக்கப் பழைய வால்வு கவரின் மேற்புறத்தை அறுத்து, அதை மாட்டிக்கொண்டு இதைச் செய்வதுண்டு.

திருப்பதி டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் பழைய டீசல் டிசையர் கார்களிலும் ஹைட்ராலிக்தான். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் இஞ்சின், பதினாறு வால்வுக்குப் பதினாறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘டிக் டிக்’ என்று கேட்டால், இரவெல்லாம் நின்றதில் ஆயில் இறங்கிவிட்டது என்று பொருள். பிரஷர் ஏறியதும் நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்தால் பெரும்பாலும் ஆயிலில்தான் கோளாறு: அளவு குறைந்திருக்கும், அல்லது மாற்றாமல் விட்டுக் கசடாகியிருக்கும்.

2020இல் மீட்டியரோடு வந்த இஞ்சினில் ராயல் என்ஃபீல்டு ஆயிலை விட்டுவிட்டுத் திரும்ப ஸ்க்ரூவுக்கே போனது. 2023இல் புல்லட்டுக்கும் அதே இஞ்சின் வந்தது. கேம் இப்போது சிலிண்டர் தலையிலேயே இருக்கிறது, புஷ்ராடு கிடையாது. ஃபீலர் கேஜை நுழைத்து, புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு வைத்தால் வேலை முடிந்தது. யாரும் சுலபமாகச் செய்யலாம், தப்பும் குறைவு. இருந்தாலும் இரும்பு சிலிண்டர் புல்லட் பட்டறைக்கு வந்தால், பெரியவர் கேஜ் பெட்டியைத் திறப்பதில்லை.