விரல் நிமிர்த்திய கை

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் பெண்களின் கத்தியைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு, நல்ல அறுவைச் சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பால் ஊறும் குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கில்தான் அடர்ந்து கிடக்கின்றன. அதனால் கத்தி ஆழ இறங்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் கூடி மரத்தைத் தொட்டுவிட்டாலோ, அந்த இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியும். அறுவை மருத்துவர் போல் பிராண்டின் கையும் அப்படிப்பட்டது.

1914இல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். எங்கள் முன்னோர் இலங்கைக்குக் கப்பலேறி வந்த சேலம், திருச்சிச் சீமைகளுக்கு நடுவே நிற்கும் மலை அது. பெற்றோர் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே நேராக மருத்துவம் படிக்கப் போகவில்லை. சில ஆண்டுகள் தச்சு வேலையும் கட்டட வேலையும் பழகினார். அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பதற்கு அவர் பின்னால் செய்த ஒவ்வொரு அறுவையும் சாட்சி. லண்டனில் அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்ட அவரை அழைத்துப் போனவர் தொழுநோய் மருத்துவர் ரொபர்ட் கொக்ரேன். நோயாளிகளின் விரல்கள் பருந்தின் நகம்போல் உள்நோக்கி வளைந்து கிடந்தன. இப்படி ஏன் ஆகிறது என்று எலும்பு மருத்துவர் யாரும் ஆராய்ந்திருக்கவில்லை. ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, விரல்களை இறுக்கச் சொன்னார் பிராண்ட். செத்த கை என்று நினைத்த அந்தக் கை, அவருக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கியது. அப்படியானால் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன! அந்த ஒரு பிடியிலிருந்துதான் எல்லாம் தொடங்கின.

கை கையாகப் பார்த்துப் பதிவு செய்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. முழங்கை, மணிக்கட்டு போன்ற இடங்களில், தோலுக்கு அருகே குளிர்ச்சியாக ஓடும் நரம்புகளைத்தான் இந்நோய் பெரும்பாலும் தாக்குகிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தாலும், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் அநேகமாகத் தப்பிவிடுகின்றன. தப்பிய தசையிலிருந்து இரவல் வாங்கலாமே என்பதுதான் சிகிச்சையின் அடிப்படை.

அவர் வளர்த்தெடுத்த முறைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மணிக்கட்டைத் தூக்கும் தசைநாண்களில் ஒன்றை விடுவிப்பார்கள். அதன் நீளம் போதாது. ஆகவே காலில் இருந்து, எடுத்தாலும் நடைக்குக் குறை வராத மெல்லிய தசைநாண் ஒன்றை எடுத்து இணைத்து, நுனியை நான்கு இழையாகப் பிரிப்பார்கள். அந்த நான்கையும் நான்கு விரல்களுக்குக் கொண்டுபோக வேண்டும். வழி நெடுக வெட்டித் திறந்தால் வடு விழும். வடு விழுந்த இடத்தில் தசைநாண் ஒட்டிக்கொண்டு அசையாது. அதனால் அங்கங்கே சிறு வெட்டுகள் மட்டும் போட்டு, இடைப்பட்ட சதைக்குள் கருவியால் சுரங்கம் போல் வழி செய்து, தசைநாணைப் பிடித்து இழுத்துக் கொண்டுவருவார். கடைசியில் இருப்பதுதான் உண்மையான கலை: எவ்வளவு இழுத்துத் தைப்பது? இறுக்கிவிட்டால் விரல் நிமிர்ந்தே நின்றுவிடும், சோற்றைப் பிசைய மடங்காது. தளர்த்திவிட்டால் பழைய வளைவு திரும்பிவிடும். நான்கு விரலுக்கும் நான்கு இழுப்பு. அளவுகோல் அறுவை மருத்துவரின் விரல்நுனிதான்.

பிறகு மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டு அவிழ்த்த பின் மூளைக்குப் பாடம். நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிய தசை, இன்று விரலை நீட்ட வேண்டும். பயிற்சியாளரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகிய நோயாளிகளின் பொறுமையும் இந்தக் கலையின் சரிபாதி என்பேன்.

ஆனால் பிச்சையெடுத்து வாழ்ந்த நோயாளிகளில், கை நேரானவர்களுக்குப் பிச்சை குறைந்தது. இது பிராண்டை உலுக்கிய செய்தி. கல்லூரி வளாகத்திலேயே குடில்கள் கட்டி, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். தாம் இளமையில் பழகிய தொழில் அங்கே பயன்பட்டது.

அங்குதான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பும் நடந்தது. அறுவையைவிட இதையே நான் உயர்த்திச் சொல்வேன். தொழுநோயில் விரல் தானாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் மனிதர் தம்மை அறியாமலே காயப்படுத்திக்கொள்கிறார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியை வெறும் விரலால் திருகித் திறந்த ஒரு பையனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். இரவில் சிலருடைய விரல் காணாமற்போனதற்கு எலிகள் காரணம் என்று கண்டதும், ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். வலி ஒரு காவல் என்று உலக மருத்துவம் புரிந்துகொண்டதில் வேலூருக்குப் பெரும் பங்குண்டு.

உணர்வற்ற பாதத்துக்கு நுண்துளை கொண்ட மெத்தென்ற இறப்பரில் செருப்பு செய்ய வைத்ததும் அவருடைய குழுதான். எங்கள் மரங்கள் தரும் அதே பொருள்!

1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவருடைய மாணவி, மருத்துவர் மேரி வர்கீஸ், பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆசிரியர் ஒருவருக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் அமையாது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், வேலூரில் கற்றதை நீரிழிவுக்காரரின் பாதங்களுக்குப் பயன்படுத்தினார். 2003இல் காலமானார்.

நம் தோட்டங்களிலும் நீரிழிவு பரவலாக இருக்கிறது. வெறுங்காலோடு மலையேறுகிறவர்களும் இருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்கள் இரவில் படுக்குமுன் இரண்டு உள்ளங்கால்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். எட்டாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை தெரிந்தால் மறைக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொழுநோய் மருந்தால் குணமாகும். மருந்துக்குக் காசும் இல்லை.