மேடை வெளிச்சத்தை ரசிப்பது எப்படி?

கச்சேரிக்குப் போய்வந்தவரிடம் பாட்டு எப்படி என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். லைட்டிங் எப்படி என்றால், "பிரமாதம், கண்ணைப் பறித்துவிட்டது" என்பதோடு சரி. கண்ணைப் பறிப்பது நல்ல லைட்டிங்குக்கு அடையாளமே அல்ல. அந்த நேரத்தில் யாரைப் பார்க்க வேண்டுமோ, அவரிடம் நம் கண்ணைக் கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை.

இதைப் பழக லண்டனுக்குப் போக வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் விடியவிடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம் போதும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு மதுரையைப் போலப் புதுக்கோட்டையும் பேர்போன ஊர். இதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். லைட்டும் மைக்செட்டும் வாடகைக்கு வருகின்றன.

வெளிநாடு போகும் இசைக் குழுவின் பாடும் ஏறக்குறைய இதுதான். அத்தனை விளக்கையும் விமானத்தில் ஏற்றினால் கட்டுப்படியாகாது. என்னென்ன விளக்கு, எங்கெங்கே தொங்க வேண்டும் என்ற வரைபடம் முன்னாலேயே போய்விடும். பெரும்பாலும் உள்ளூர் வாடகைக் கம்பெனி கட்டிவைக்கும். டிசைனர் கொண்டுபோவது, பாட்டுவாரியாகப் பதிந்துவைத்த நிரலை. ஒரு கம்பெனியின் விளக்கு விளக்குகளை இயக்கும் இன்னொரு கம்பெனியின் கன்சோலுக்குக் கட்டுப்படுவதற்குக் காரணம், 1986-ல் அமெரிக்காவில் வகுத்த டிஎம்எக்ஸ் 512 என்ற பொது விதி. ஆனாலும் ஊருக்கு ஊர் மேடையின் அகலமும் உயரமும் மாறும். பாடகர் நிற்கும் இடத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று ஒவ்வொரு விளக்காகத் திருத்துவதிலேயே பகல் போய்விடும்.

தலைக்குமேல் தொங்கும் பாரமும் சாதாரணமானதல்ல. 2010 ஜூனில் ஏ.ஆர்.ரஹ்மானின் உலகப் பயணத்தில், டெட்ராய்ட் அருகே பான்டியாக் அரங்கில் விளக்குச் சாரம் மேடைமீது சரிந்தது. நிகழ்ச்சி தள்ளிப்போனது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் மூக்கின் நிழலைப் பாருங்கள். நேர் எதிரிலிருந்து அடித்தால் நிழலே இருக்காது, முகம் தட்டையாகிவிடும். சாய்வாக மேலிருந்து விழுந்தால் கன்னமும் கண்குழியும் எழுந்து நிற்கும். பின்னாலிருந்து ஒரு விளக்கு தோளிலும் தலைமுடியிலும் கோடு போட்டால், ஆள் பின்னாலுள்ள சீன் திரையை விட்டுத் தனியே பிரிந்து தெரிவார். நாடக மேடையில் ஸ்திரீபார்ட் இரண்டடி பின்னால் போகும்போது உடையின் ஜிகினா மங்குவதையும், மைக்குக்கு வந்ததும் மறுபடி பற்றிக்கொள்வதையும் கவனியுங்கள். விளக்கு அசையாத மேடையில் நடிகர்தான் வெளிச்சத்தைத் தேடிப்போக வேண்டும். புதுக்கோட்டை தந்த நடிகர் பி.யு.சின்னப்பா போன்றவர்கள் பாலபருவத்திலேயே நாடகக் கம்பெனியில் கற்ற வித்தைகளில் இதுவும் இருந்திருக்கும்.

அடுத்தது நிறம். பச்சை விளக்கில் வள்ளியின் சிவப்புச் சேலை கறுத்துப்போகும். ரோஸ் பவுடர் பூசிய முகம் நோயாளி முகமாகும். சிவப்பு விளக்கில் உதட்டுச் சாயம் இருந்த இடமே தெரியாது. மஞ்சள் கலந்த வெளிச்சம்தான் நம் தோலுக்குப் பொருந்தும். நல்ல டிசைனர் நிறங்களைப் பின்புறத்துக்கு ஒதுக்கிவிட்டு, முகத்தை முகமாகவே விடுவார்.

மாற்றம் எப்போது நிகழ்கிறது என்பதே என் கணக்கில் பெரிய சோதனை. தாளத்துக்குத் தாளம் மின்னுவது எளிது. பல்லவி முடிந்து சரணம் எடுக்கும்போது, நமக்கே தெரியாமல் வெளிச்சம் இறங்கியிருந்தால் அது கைதேர்ந்த வேலை. 1981-ல் ஜெனிசிஸ் என்ற ராக் இசைக் குழு தன் பயணத்தில் தானாகத் திரும்பும் விளக்குகளைக் கொண்டுவந்த பிறகு, ஓயாமல் சுழற்றும் ஆசை எல்லா மேடையையும் பிடித்துக்கொண்டது. இப்போது பின்னால் எல்இடி திரை வேறு. அதன் பளபளப்பில் பாடுபவர் கரிய உருவமாக நிற்கும் கச்சேரிக்கு, டிக்கெட் விலை எவ்வளவு இருந்தாலும், நான் பாஸ் மார்க் போட மாட்டேன்.

ஓயாமல் சுழற்றும் அந்த வியாதி கிராமத்து மேடைக்கும் வந்துவிட்டது. விழாக் கமிட்டியில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: ஆட்டமும் நகைச்சுவையுமான டான்ஸ் காமிக்குக் கலர் லைட் எவ்வளவு வேண்டுமானாலும் சுழலட்டும், வள்ளியும் வேடனாக வரும் முருகனும் தர்க்கம் தொடங்கியதும் அதை அணைத்துவிட வேண்டும்.