காகிதம் தடுக்கும் கதிர்

பாடநூல்களில் அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆல்ஃபா கதிரைக் காகிதம் தடுக்கிறது. பீட்டாவை அலுமினியத் தகடு தடுக்கிறது. காமாவுக்கோ தடித்த ஈயம் வேண்டும். படத்தில் பிழை இல்லை. ஆனால் அது பாதி உண்மை. ஆல்ஃபா சாது, காமாவே கொடியது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். என் வகுப்பிலும் ஆண்டுதோறும் இதே விடைதான் வருகிறது.

ஆல்ஃபா ஏன் காகிதத்தில் நின்றுவிடுகிறது? அது இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த கனத்த துகள். வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து, தன் ஆற்றல் முழுவதையும் மிகக் குறுகிய தூரத்தில் கொட்டிவிடுகிறது. காகிதம் இருந்த இடத்தில் உயிரணு இருந்தால் என்ன ஆகும்?

வெளியிலிருந்து வரும் ஆல்ஃபாவைத் தோலின் இறந்த மேலடுக்கே தடுத்துவிடும். உள்ளே புகுந்த பொருளிலிருந்து வந்தால் அந்தக் காப்பு இல்லை. 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். கால்சியத்தை ஒத்த ரேடியம் எலும்பில் படிந்து, அங்கிருந்தே ஆல்ஃபாவை உமிழ்ந்தது. அதன் அரை ஆயுட்காலமோ சுமார் 1,600 ஆண்டுகள்! தாடையெலும்பு அழுகிப் பலர் மாண்டனர்.

படத்தை நீக்க வேண்டியதில்லை. உங்கள் புத்தகத்தில் அதனருகே ஒரு கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள்: ‘கதிர் வருவது உடலுக்கு வெளியிலிருந்தா, உள்ளிருந்தா?’