முதல் எபிசோட் பார்க்காதவர்கள்

2025 செப்டம்பர் 12 அன்று ஜப்பானிய அனிமே படமான ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ்க் குரல்களோடு திரையரங்குகளுக்கு வந்தது. மாதவரத்திலிருந்து பெரம்பூருக்கோ ராயபுரத்துக்கோ படம் பார்க்கப் போகும் ஒரு பள்ளிப் பையன், கூட்டாளிகள் கூப்பிட்டார்கள் என்பதற்காக மட்டும் அதற்கு டிக்கெட் எடுத்திருந்தால், அவன் நுழைந்தது கதையின் கடைசிப் போருக்குள். அதற்கு முன்பே தொடராக 63 எபிசோடுகள் ஓடி முடிந்திருந்தன. தஞ்சிரோ யார், அவன் தங்கை நெசுகோ ஏன் அரக்கியானாள் என்று நின்று சொல்ல அந்தப் படத்துக்கு நேரமில்லை.

“முதல்ல இருந்து பார்த்துட்டு வாடா” என்பதுதான் இப்படிப்பட்டவனுக்கு ரசிகர்கள் சொல்லும் வழி. எல்லாத் தொடருக்கும் அது பொருந்தாது. டோரேமானுக்கும் ஷின்சானுக்கும் முன்பின் கிடையாது. போக்கிமானில் ஒவ்வொரு புது நிலப்பகுதிக்கும் ஆஷ் பிகாச்சுவோடு புதிதாகக் கிளம்பினான்; 2023-ல் அவனும் விடைபெற, லிக்கோவும் ராயும் வந்தார்கள். ‘ஜோஜோ’வில் பாகத்துக்கு ஒரு நாயகன்.

டிராகன் பாலைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம்மில் பலர் அறிந்தது ‘இசட்’ மட்டுமே. அதற்கு முந்தைய தொடரின் 153 எபிசோடுகளில் கோகு சிறுவனாக அறிமுகமாகி, சண்டை கற்று, கல்யாணமும் முடித்துவிட்டான். அகிரா தோரியாமா வரைந்த 42 தொகுதிகளில் இரண்டும் ஒரே கதை. ஆனாலும் இசட்டில் தொடங்கியவர்கள் திணறவில்லை. தொடக்கத்திலேயே ராடிட்ஸ் வந்து, கோகு இந்தப் பூமியில் பிறந்தவனே இல்லை என்கிறான். கோகுவுக்கே அது புதுச் செய்தி. பழைய ரசிகரும் புதியவரும் அவனோடு சேர்ந்து ஒரே நேரத்தில் திகைக்கிறார்கள். நடுக்கதையில் வாசல் வைப்பதில் இதைவிடத் தேர்ந்த வேலையை நான் பார்த்ததில்லை. துப்பறியும் கோனான் வேறு வழி பிடித்தது: 1996 முதல் ஓடும் அந்தத் தொடரின் திரைப்படங்கள், உயர்நிலைப் பள்ளி மாணவன் சிறுவனாகச் சுருங்கிய கதையைத் தொடக்கத்திலேயே சுருக்கிச் சொல்லிவிடும்.

கதையின் நடுவில் வந்து சேர்வது நமக்குப் புதிதல்ல. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நாள் கணக்கில் நடக்கிறது. எல்லா இரவும் விழித்திருப்பவர்கள் குறைவு. அர்ச்சுனன் தபசுக்கு வருபவர் உண்டு, படுகளத்துக்கு மட்டும் வருபவர் உண்டு. பகலில் பிரசங்கியார் கதையை எடுத்துச் சொல்கிறார். இரவில் திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷத்தை, நீ யார், எந்த நாடு என்று கட்டியங்காரன் கேட்கிறான். அந்தக் கேள்வி அன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவருக்காகவும் கேட்கப்படுகிறது. 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்த காலத்திலும் இடையில் சேர்ந்த வாசகர்கள் இருந்திருப்பார்கள். வார இதழ்களின் ‘முன்கதைச் சுருக்கம்’ அப்படிப்பட்டவர்களுக்காகவே.

இனி இன்ஃபினிட்டி காசில். 155 நிமிடப் படத்தில் புதியவருக்குப் பிடி கிடைக்கும் இடம் அரக்கன் அகாசாவின் பழங்கதை. நோயாளித் தகப்பனின் மருந்துக்காகத் திருடி, பிடிபட்டு, கையில் குற்றவாளிக்கான பச்சை குத்தப்பட்ட சிறுவன் அவன். அதைப் புரிந்துகொள்ள முந்தைய எபிசோட் எதுவும் தேவையில்லை. ஆனால் அவனைக் கண்டதும் தஞ்சிரோவுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்? அகாசாவின் கையால் வாள்வீரன் ரெங்கோகு செத்ததைப் பார்த்திருந்தால்தான் அது தெரியும். பத்து நிமிடச் சுருக்க வீடியோ ரெங்கோகு இறந்தான் என்று சொல்லிவிடும். அவனை நேசிக்க வைக்க அதனால் முடியாது. அதனால் அத்தகைய வீடியோக்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. முதல் சீசனின் 26 எபிசோடுகள், பிறகு ‘முகென் டிரெயின்’ படம். இவ்வளவு பார்த்துவிட்டு நேராகத் திரையரங்குக்குப் போகலாம். நடுவில் விட்ட சீசன்களைப் பிறகு நிதானமாகப் பார்த்தால் போதும்.

மூன்று படங்களில் இது முதலாவது. அடுத்த படத்தின் தமிழ்ப் பதிப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நல்ல தமிழ்க் குரல் ஒன்று முன்கதையைச் சொல்ல வேண்டும். சுவரொட்டியைப் பார்த்து வரும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு விநியோகஸ்தர்கள் செய்யவேண்டிய மரியாதை அது.