ஏட்டிற் கண்டதும் திரையிற் கண்டதும்

ஒரு கலைவடிவத்திற் பிறந்த கதையை இன்னொரு வடிவத்திற்கு மாற்றும் வழக்கம் சினிமா தோன்றிய பின் வந்ததன்று. இளங்கோவடிகள் பாடிய கதை நாட்டு மக்களிடையே கோவலன் கதையாகப் பரவியபொழுது மாதவி வேறொருத்தியானாள். காப்பியத்திலே கோவலன் இறந்தமை கேட்டுத் துறவு பூண்டவள், கதைப்பாடலிலே பொருள் பறிக்கும் கணிகையாக வந்து நிற்கின்றாள். எனினும் முல்லைத்தீவுப் பகுதியிலே இரவிரவாக ஆடப்பட்டுவந்த கோவலன் கூத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களுள் எவரும், அடிகள் இவ்வாறு பாடவில்லையே என்று அண்ணாவியாரிடம் வழக்குரைத்ததாகத் தெரியவில்லை. கூத்துக்கு மனமுவந்து கொடுத்த உரிமையைச் சினிமாவுக்குக் கொடுக்க மட்டும் நாம் தயங்குகின்றோம். விருப்பமான நாவலொன்று படமாகின்றது என்ற செய்தி வந்ததும் முதலில் நம்முள் எழுவது மகிழ்ச்சியன்று, அச்சமே.

இவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. கூத்தன் முடி தரித்து, முகத்துக்கு வண்ணம் பூசி வருகின்றான். பொழுது புலர்ந்ததும் அவன் அடுத்த தெருக் கந்தையராகவோ சின்னத்தம்பியாகவோ ஆகிவிடுகின்றான். நம் மனத்திலுள்ள கோவலனை அவன் அகற்றுவதில்லை. சினிமாவோ ஒரு முகத்தைக் கொண்டுவந்து, இதுவே அவள் முகம், இதுவே அவள் வீடு என்று சாதித்துவிடுகின்றது. அதன் பின்னர் அந்நூலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அம்முகமே ஏட்டிலிருந்து எழுந்து வருகின்றது. வாசகன் தன் செலவிலே, தன் அனுபவங்களைக் கொண்டு கட்டிய மாளிகையில் இன்னொருவர் வந்து குடியேறிவிடுகின்றார் என்க.

படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்று கூறுவோர் ஒரு சாரார். படம் பார்த்தாயிற்று, இனி நாவல் எதற்கு என்பார் மற்றொரு சாரார். முன்னவர் நம் ஆசிரியர் அறையிலும், பின்னவர் நம் வகுப்பறைகளிலும் மிகுதி. இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை நான் நன்கு அறிந்த சில நூல்களையும் படங்களையும் கொண்டு கூற முயல்கின்றேன். இவை ஒரு வாசகனின் மனத்தில் எழுந்த எண்ணங்களேயன்றி முடிந்த தீர்ப்புகளாகா.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929இல் நூலாக வெளிவந்தது. சத்யஜித் ராய் அதனை 1955இல் படமாக்கினார். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவிலே, மிகச் சிறந்த மானுட ஆவணம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. நாவலைப் படியாதவர்கள்கூட அப்படத்திலே நினைவில் வைத்திருக்கும் காட்சி ஒன்றுண்டு. வெண்ணிற நாணற் பூக்கள் அடர்ந்த வெளியிலே அக்காளும் தம்பியும் ஓடுகின்றனர். அப்பாலே கரும்புகை கக்கியவாறு புகைவண்டி செல்கின்றது. உலகத் திரைப்படங்களுள் இதற்கு ஒப்பான காட்சிகள் சிலவே என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் நாவலில் இக்காட்சி இல்லை. அங்கே துர்க்கையும் அப்புவும், தொலைந்த கன்றைத் தேடப் புறப்பட்டவர்கள், இருப்புப் பாதையைப் பார்க்கும் ஆசையால் நெடுந்தூரம் ஓடுகின்றார்கள். வழி தவறிச் சேற்றிலும் நீரிலும் அலைந்து, ஒன்றையும் காணாமலே வீடு திரும்புகின்றார்கள். பின்னர்க் காய்ச்சலிற் கிடக்கும் துர்க்கை, தான் எழுந்ததும் புகைவண்டியைக் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கின்றாள். அவள் எழவேயில்லை. குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது அப்பு புகைவண்டியில் ஏறுகின்றான், வண்டி நகர்கின்றது, அதைக் காணாமலே போன அக்காளை அவன் நினைக்கின்றான். நாவலின் துயரம் முழுவதும் இந்த ஓர் இல்லாமையில் வந்து குவிகின்றது. காணாத ஒன்றைக் கொண்டு ஒரு வாழ்வைச் சொல்லிவிடுகின்றார் ஆசிரியர். படத்திலோ குடும்பம் மாட்டு வண்டியில் ஏறிச் செல்வதோடு கதை நின்றுவிடுகின்றது. ஆளற்ற வீட்டினுள்ளே பாம்பொன்று நுழைகின்றது.

இதனை அறிந்தபின் படத்தை மீண்டும் பார்த்தேன். அப்பொழுதுதான் ராயின் நுட்பம் புலனாயிற்று. படத்திலும் துர்க்கை புகைவண்டியை முழுமையாக அடைவதில்லை. தம்பி தண்டவாளத்தருகே சென்றுவிடுகின்றான், அவள் பின்தங்கிவிடுகின்றாள். நெறியாளர் நாவலின் உயிரை அறிந்தேயிருந்தார். அதனை ஒரு கண நேர நிகழ்ச்சியாகச் சுருக்கி வைத்தார். எனினும் படம் பார்த்த மாணவர் பலரிடம் வினவுமிடத்து, இருவரும் புகைவண்டியைப் பார்த்தார்கள் என்றே விடை வருகின்றது. வெண்பூவும் கரும்புகையும் கண்ணை நிறைத்துவிட, பின்தங்கிய சிறுமியை எவரும் கவனிப்பதில்லை. ஒரு காட்சி தன் அழகினாலேயே தன் பொருளை மறைத்துவிட முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. இல்லாததைச் சொல்லுவது எழுத்துக்கு எளிது. நிழற்படக் கருவியோ இருப்பதை மட்டுமே பிடிக்கும்.

மறுபுறத்தையும் கூறவேண்டும். துர்க்கை திருடிய பொருள் நாவலிலே ஒரு பொற்சிமிழ். அவள் இறந்தபின் அப்பு அதனைக் கண்டெடுத்து மூங்கிற் புதரில் வீசிவிடுகின்றான். படத்திலே அது ஒரு மணிமாலை. அப்பு அதனைக் குளத்தில் எறிகின்றான், பாசி விலகுகின்றது, பின் மெல்ல மெல்லக் கூடி மூடிக்கொள்கின்றது. அக்காளின் குற்றத்தை உலகம் அறியாதவாறு தம்பி மறைத்துவிட்டான் என்பதை அந்தப் பாசி கூறுவதுபோல் எந்த வாக்கியத்தாலும் கூற இயலாது. இவ்விடத்திலே நாவலை விடப் படமே உயர்ந்தது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். மகள் இறந்தமையை அறியாத தந்தை அவளுக்கு வாங்கிய சேலையை எடுத்துக் கொடுக்க, தாய் கதறுமிடத்தில் அவளுடைய குரலை அகற்றிவிட்டு, தார்ஷெனாய் என்ற வாத்தியத்தின் ஓலத்தை வைத்ததும் அத்தகையதே.

இந்திர் பாட்டியின் கதையிலே இழப்பும் பேறும் ஒருங்கே நிகழ்கின்றன. நாவலின் முதற் பகுதிக்குப் ‘பல்லாலி பாலாய்’ என்று பெயர். வங்காளத்துப் பிராமணரிடையே குலீனம் என்ற குல உயர்வு முறையை ஏற்படுத்தியவன் பல்லாள சேனன் என்பது மரபு. பல பெண்களை மணந்து, எப்பொழுதாவது ஒருமுறை வந்து போகும் குலீனக் கணவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அக்கிழவி. அவளுடைய வறுமைக்குப் பின்னால் ஒரு சமூக வழக்கம் முழுவதும் நிற்கின்றது; தலைப்பே அவ்வழக்கத்தின்மேற் சாட்டப்பட்ட குற்றப் பத்திரம். படத்திலே இதில் எதுவும் இல்லை. கிழவி வெறும் கிழவியாக, மூதாட்டிமார் எல்லோருக்கும் பொதுவானவளாக ஆகிவிடுகின்றாள். சமூகம் விலகிவிட, முதுமை மட்டும் எஞ்சுகின்றது. ஆனால் நாவலில் விரைவிலே இறந்துபோகும் அவளை ராய் நெடுநேரம் உயிரோடு வைத்திருந்து, பிள்ளைகள் இருவருமே அவளுடைய சடலத்தைக் காணும்படி செய்தார். சாவை முதன்முதலாகத் தொட்டறியும் குழந்தைகளின் முகம் நமக்குக் கிடைத்தது. கொடுத்த விலை பெரிது. பெற்ற பொருளும் பெரிது.

நம் நாட்டுக்கு வருவோம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் வெளிவந்தது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதனை 1963இல் திரைக்குக் கொணர்ந்தார். ஆட்டமும் சண்டையும் இன்றி ஒரு சிங்களப் படம் நிற்கும் என்பதை அது நிலைநாட்டியது. 1965இல் டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருதையும் பெற்றது. தென்னிலங்கைக் கிராமமொன்றிலே, பெருமை குன்றிவரும் பெரிய வீடொன்றின் மகள் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் கற்பித்த பியல் குலத்தில் தாழ்ந்தவன் என்று மறுக்கப்படுகின்றான். குலம் ஒன்றையே உடைமையாகக் கொண்ட ஜினதாசவுக்கு அவள் வாழ்க்கைப்படுகின்றாள். இக்கதையைப் படிக்கும் யாழ்ப்பாணத்தவன் இதனை வேற்றூர்க் கதையென்று எண்ண மாட்டான். நாற்சார் வீடுகளின் ஓடு சரிவதும், முற்றத்துக்கு அப்பால் நின்றவனின் மகன் கொழும்பிலே பொருளீட்டித் திரும்பி வருவதும் நமக்குப் புதியனவல்ல.

விக்கிரமசிங்க நந்தாவின் உள்ளத்தைப் பக்கம் பக்கமாக ஆராய்கின்றார். அவர் கூரிய அறிவினர். சில வேளைகளில் அவ்வறிவே கதைக்குத் தடையாகின்றது. பாத்திரம் உணருமுன்னரே ஆசிரியர் அவ்வுணர்ச்சிக்குக் காரணம் கூறிவிடுகின்றார். படத்திலே புண்யா ஹீந்தெனிய ஒன்றுங் கூறாமல் நிற்கின்றார். வெறுப்போ, விருப்போ, குலப் பெருமையோ, அச்சமோ என்று நாமே ஊகிக்க வேண்டியிருக்கின்றது. நாவலில் ஆசிரியர் செய்த ஆராய்ச்சியைப் படத்திற் பார்ப்பவன் செய்கின்றான். சினிமா பார்ப்போரின் கற்பனையைச் சோம்பலாக்கும் என்று கூறுவோர் இப்படத்தை ஒருமுறை பார்த்தல் நன்று.

எனினும் ஒரு குறை என்னை விட்டு நீங்கவில்லை. ‘கம்பெரலிய’ என்ற பெயர் கிராமத்தின் மாற்றத்தைக் குறிப்பது. ஒரு காதலின் பெயரன்று. நிலத்தையும் பெயரையும் நம்பிய வாழ்வு வியாபாரத்தின் முன்னே எவ்வாறு தளர்ந்தது என்பதே நாவலின் பெரும் பொருள். படத்திலே அது பின்னணியாகிவிடுகின்றது; நந்தாவும் பியலும் முன்னே வந்துவிடுகின்றனர். முகத்தை நெருங்கிக் காட்டும் கருவிக்கு அடமானப் பத்திரத்தை நெருங்கிக் காட்டுவது கடினம்போலும்!

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அங்கே நாவலே ஒரு மாற்றத்தின் விளைவு. 1966இல் அவர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையிலே, கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளைத் தாய் நீராட்டி, நீ தூயவள் என்று கூறி ஏற்றுக்கொள்கின்றாள். அம்முடிவு எழுப்பிய வாதங்கள் பல. நாவலிலே ஆசிரியர் அம்முடிவை மாற்றினார்: தாய் அலறிவிடுகின்றாள், ஊர் அறிந்துவிடுகின்றது, கங்கா வீட்டிலிருந்து துரத்தப்படுகின்றாள். பின்னர் அதே சிறுகதையை ஆர்.கே.வி. என்ற எழுத்தாளன் எழுதியதாக நாவலுக்குள்ளேயே வைத்து, தன் கதையைப் பிறரொருவர் கையில் மாறிய வடிவத்தில் கங்காவையே படிக்கச் செய்தார். தழுவல் என்பது பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் மிகச் சிறந்த ஆராய்ச்சி இதுவே எனலாம். அது ஒரு நாவலாக இருப்பது நம் நற்பேறு.

1977இல் வெளிவந்த படத்திற்குத் திரைக்கதையும் ஜெயகாந்தனே எழுதினார். நெறியாண்டவர் ‘பாசமலர்’ போன்ற படங்களால் தமிழகத்தை அழவைத்த பீம்சிங். அவர் இங்கே காட்டிய அடக்கம் வியப்புக்குரியது. கங்காவாக நடித்த லட்சுமிக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. ஆயினும் நாவலிலே என்னைப் பற்றிக்கொண்டது கங்காவின் குரல். பஸ்ஸில் நெரிபடும்போதும், அலுவலகத்தில் இருக்கும்போதும், மாமாவின் நச்சுப் பேச்சைக் கேட்கும்போதும், தனக்குத் தானே பேசிக்கொள்ளும் கசப்பும் நகைப்பும் கலந்த அக்குரல், வாசகனைத் தவிர வேறெவருக்கும் கேளாதது. திரையிலே அவளை எல்லாரும் பார்க்கின்றோம். வாழ்நாள் முழுவதும் பிறர் பார்வையால் துன்புற்ற ஒருத்தியை மேலும் பல்லாயிரவர் பார்க்கும்படி வைத்தல் என்ற நெருடல் எனக்கு இன்றும் உண்டு. இது நெறியாளரின் குற்றமன்று; கருவியின் இயல்பு.

‘பொன்னியின் செல்வன்’ பற்றிச் சில வார்த்தை. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரு படங்கள் வந்தபோது, நம் குந்தவை இவளல்லள் என்று குறைப்பட்டவர் பலர். 1950 முதல் கல்கி வார இதழில் தொடராகப் படித்தவர்களின் குந்தவையோ மணியம் வரைந்தவள். எனவே அந்நாவலைப் பொறுத்தவரை நம் கற்பனை தொடக்கத்திலேயே முழு விடுதலை பெற்றதன்று. முகங்களைக் காட்டிலும் நான் தேடியது கல்கியை. வாசகரை அழைத்துப் பேசி, இடையிடையே நகைத்து, ஆபத்தான கட்டத்தில் அத்தியாயத்தை முடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கச் செய்யும் அக்கதைசொல்லிக்குப் படத்தில் வேடம் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை.

அண்மையில் ‘பதேர் பாஞ்சாலி’யை மீண்டும் படித்தேன். இந்திர் பாட்டி வருமிடமெல்லாம் சுனிபாலா தேவியின் குழிந்த கன்னமும் கூனிய முதுகுமே வந்தன. படம் வெளிவருமுன்னரே காலமான அம்மூதாட்டியோடு நான் வழக்காட விரும்பவில்லை. அவ்விடத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். துர்க்கைக்கு மட்டும், படத்தை எத்தனை முறை பார்த்தும், என் மனத்திலிருந்த பழைய முகமே இன்னும் நிற்கின்றது. அவள் புகைவண்டியைப் பார்த்ததில்லை.