150 என்னும் எல்லைக்கோடு: செவிலிய மாணவர்களின் தன்வழிக் கற்றல் ஆயத்தநிலையை அளத்தல்

செவிலிய மாணவர்களின் தன்வழிக் கற்றல் ஆயத்தநிலையை அளக்கும் ஆய்வுகள் பல, ஃபிஷர், கிங், டேக் ஆகியோர் 2001இல் வெளியிட்ட அளவுகோலைச் சார்ந்துள்ளன. குக்லியெல்மினோ 1977இல் உருவாக்கிய அளவுகோலின் ஏற்புடைமை குறித்து எழுந்த ஐயங்கள் இப்புதிய கருவிக்கு ஒரு காரணமாயின. தன்மேலாண்மைக்கு 13, கற்றல் வேட்கைக்கு 12, தற்கட்டுப்பாட்டிற்கு 15 என இதில் 40 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 150ஐக் கடந்தவர் ஆயத்தமானவர் எனக் கொள்வது வழக்கமாகிவிட்டது.

இவ்வெல்லை எதனை உணர்த்துகிறது? மூல ஆய்வில் பங்கேற்ற 201 மாணவர்களின் சராசரியும் ஏறத்தாழ 150தான். ஓர் ஆஸ்திரேலிய மாணவர் குழுவின் நடுநிலையைச் சுட்டும் எண், வேறு நாட்டு மாணவரின் தகுதிக்கு வரம்பாகிவிடுகிறது. அவ்வரம்பைக் கடந்தவர் பின்னர் மெய்யாகவே தாமே கற்றனரா என்பதைச் சராசரி கூறாது.

மொத்த மதிப்பெண் மறைப்பது இதனினும் மிகுதி. 30 கூற்றுகளை ஏற்று (4), 10 கூற்றுகளில் நடுநிலை (3) கொள்ளும் நிதானமான மாணவி 150 பெற்று, வரம்பைக் கடவாமல் நின்றுவிடுகிறாள். மற்றொருத்தி கற்றல் வேட்கையில் முழுமையாக 60, தற்கட்டுப்பாட்டில் 60, தன்மேலாண்மையில் 65க்கு 31 மட்டுமே பெறுகிறாள், மொத்தம் 151. நேரத்தை வகுத்துக்கொள்ளவும் படிப்பை ஒழுங்குபடுத்தவும் தடுமாறும் இவளே 'ஆயத்தமானவள்'. தனித்துக் கற்க விடப்படுபவளும் இவளே. உதவி மிகுதியாகத் தேவைப்படுபவளும் இவளே. கருவியை ஆக்கியோர் மூன்று உட்கூறுகளைப் பிரித்தறிந்தனர்; பயன்படுத்துவோர் அவற்றை மீண்டும் ஒன்றாகக் கூட்டிவிடுகின்றனர். தன்மதிப்பீட்டு விடைகளில் ஆசிரியர் விரும்புவதையே எழுதும் போக்கு வேறு உண்டு. வினாத்தாளை வகுப்பாசிரியரே வழங்கும் இடங்களில் இதனைப் புறக்கணிக்க இயலாது.

ஃபிஷரும் கிங்கும் 2010இல் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வினால் இக்கருவியை மறுபரிசீலித்தனர். 11 கூற்றுகள் நீங்கின, 29 எஞ்சின. இத்திருத்த வடிவில் ஒருவர் பெறக்கூடிய உச்ச மதிப்பெண் 145. இதனைக் கையாளும் ஆய்வாளர் 150ஐக் கைவிட்டே ஆகவேண்டும்; 40 கூற்று வடிவத்தைத் தொடர்பவரோ, அதனை ஆக்கியோரே விலக்கிய கூற்றுகளைத் தாம் ஏன் தக்கவைத்தனர் என்பதை விளக்கக் கடமைப்பட்டவர்.